ஆறுமணிக் குருவி

குருவைவிடச் சீடருக்கு இருபது வயது அதிகம். குரு ஜெசிந்தா, அல்லிக்குளம் பறவைக் காப்பகத்தில் பறவை பார்க்கக் கற்றுத் தருபவர். சீடர் திருமலைக்கொழுந்து, ஓய்வு பெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். அவர் இவரை டீச்சர் என்பார், இவர் அவரை சார் என்பார். மரியாதைக்கு அங்கே குறைவில்லை.

கொழுந்து காட்டச் சொல்லிக் கேட்டது ஒரே ஒரு பறவைதான். குளிருக்கு வடக்கிலிருந்து வரும் ஆறுமணிக் குருவி. காலை ஆறுக்கும் மாலை ஆறுக்கும் கூப்பிடுவதால் அந்தப் பெயர். இரண்டு குளிர்காலமாகக் குரலைக் கேட்கிறார், குருவியைப் பார்த்ததில்லை.

இப்போது பங்குனி பிறந்துவிட்டது. புங்கமரங்கள் பழைய இலையைக் கொட்டித் தளிர் விட்டிருந்தன. குருவி இன்றோ நாளையோ கிளம்பிவிடும். கொழுந்தும் அடுத்த வாரம் மகனோடு கனடா போகிறார். வீட்டை விற்றாகிவிட்டது. திரும்பி வரும் எண்ணம் இல்லை, கனடாவில் இந்தக் குருவியும் இல்லை.

அன்று சாயங்காலம் புதர் ஓரமாக உட்கார்ந்தபோது அவர் கேட்டார்.

"எல்லாருக்கும் தெரியுது. எனக்கு மட்டும் ஏன் டீச்சர் ஆம்பிட மாட்டேங்கு?"

ஜெசிந்தாவுக்குக் காரணம் தெரியும். குருவி தரையில் சருகைக் கிளறித் தின்னும். கூப்பிடுவதற்குத்தான் கிளைக்கு ஏறும். ஏறி, அண்ணாந்து, ஒரு விசில். அந்த நேரம் பார்த்துக் கொழுந்து குனிந்து கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். வண்டி சரியான நேரத்துக்கு வந்ததா என்று பார்த்தே பழகிய கண். நிமிர்வதற்குள் குருவி இறங்கியிருக்கும். ஜெசிந்தா பலமுறை சொல்லியாகிவிட்டது. அவரும் ஒவ்வொரு முறையும் சத்தியம் செய்வார். கை கேட்டால்தானே.

இன்று ஜெசிந்தா அதைத் திரும்பச் சொல்லவில்லை. கையை நீட்டினார்.

"வாச்சைக் கழத்தித் தாங்க சார்."

கொழுந்து தயங்கினார். பிறகு தாலியைக் கழற்றுவதுபோலக் கழற்றிக் கொடுத்தார். ஜெசிந்தா அதைத் தன் கையில் கட்டிக்கொண்டார்.

வெயில் சாய்ந்தது. சருகு சரசரத்து நின்றது.

விசில் கேட்டது.

கொழுந்து குனிந்தார். மணிக்கட்டில் வெளுத்த தோல்தான் இருந்தது. அங்கே பார்க்க ஒன்றுமில்லாததால் நிமிர்ந்தார்.

தாழ்ந்த கிளையில் அது உட்கார்ந்திருந்தது. பச்சை முதுகு, தோளில் நீலம், வயிற்றின் அடியில் குங்குமச் சிவப்பு. மையைக் கண்ணிலிருந்து பிடரிவரை இழுத்துவிட்டதுபோல ஒரு கறுப்புக் கோடு. வால் மட்டும், துணி போதாமல் தையற்காரர் விட்டுவிட்டதுபோல் சட்டென்று முடிந்திருந்தது. அண்ணாந்து இன்னொரு முறை கூப்பிட்டது. இத்தனை அழகு இவ்வளவு பக்கத்தில் இருந்திருக்கிறது. அவருக்குக் கண் நிறைந்துவிட்டது, துடைக்கத் தோன்றவில்லை.

குருவி இறங்கிச் சருகுக்குள் போனது.

பழக்கம் விடாமல் அவர் கேட்டார்.

"சரியா ஆறு மணிக்குத்தான் கூப்பிட்டுதா டீச்சர்?"

ஜெசிந்தா கடிகாரத்தைப் பார்க்காமலே கழற்றி நீட்டினார்.

"அது கூப்பிட்டாச்சுல்லா சார். அப்ப ஆறுதான்."