ராஜா பெயருக்கு ஒரு இங்கிலீஷ் வால்

முன்னொரு காலத்தில், ஒரு ராஜா மூன்று வேளையாகச் சாப்பிடவில்லை.

வயிற்றில் கோளாறு ஒன்றும் இல்லை. கோளாறு அடுத்த நாட்டில் இருந்தது.

அடுத்த நாட்டு ராஜா சோமராயன், தன் கோட்டை வாசலில் புதிதாக ஒரு சித்திரம் எழுதி வைத்திருந்தான். சிங்கத்தின் மேல் சோமராயன் உட்கார்ந்திருக்கிறான். கீழே கொட்டை எழுத்தில் ஒரு வரி: 'ராயன் இஸ் எ லயன்.'

எழுதிக் கொடுத்தவர் டாப்லின் துரை. வெள்ளைக்காரக் கம்பெனியின் ஆள். எந்த ராஜா வீட்டில் விருந்து சாப்பிட்டாலும், அந்த ராஜாவின் பெயருக்கு எதுகை போட்டு இங்கிலீஷில் ஒரு பாட்டுக் கட்டிக் கொடுப்பது அவருடைய பழக்கம். சோமராயனுக்கு லயன் கிடைத்துவிட்டது. லயன் என்றால் சிங்கம். இந்தச் சேதியை சோமராயன் வேலை மெனக்கெட்டு ஓர் ஓலையில் எழுதி, நம் ராஜாவுக்கே அனுப்பியிருந்தான்.

நம் ராஜாவின் பெயர் செங்கழனி மாறன்.

"வெள்ளிக்கிழமை துரை நம் சபைக்கு வருகிறார்," என்றார் ராஜா. "மாறனுக்கு ஓர் இங்கிலீஷ் வார்த்தை வேண்டும். சிங்கத்துக்குக் குறையக் கூடாது. புலவரே, என்ன சொல்கிறீர்?"

ஆஸ்தானப் புலவர் உமைபங்கர் தொண்டையைக் கனைத்தார். "அரசே, நாம் எதுகையைத் தலைப் பக்கம் வைப்போம். வெள்ளைக்காரர்கள் வாலில் வைக்கிறார்கள். வால் விஷயத்தில் அடியேனுக்குப் பழக்கமில்லை. துபாஷியைத்தான் கேட்க வேண்டும்."

எல்லாக் கண்களும் துபாஷி ரங்கபாஷ்யத்தின் பக்கம் திரும்பின.

துபாஷி என்றால், துரை சொல்வதை ராஜாவுக்கும் ராஜா சொல்வதைத் துரைக்கும் மாற்றிச் சொல்கிறவர். அந்த ராஜ்யத்தில் இங்கிலீஷ் தெரிந்த ஒரே ஆள். அதனால் அவர் வைத்ததுதான் சட்டம். துரை 'யெஸ்' என்று ஒரு வார்த்தை சொன்னால் துபாஷி கால் மணி நேரம் மொழிபெயர்ப்பார். நடுவில் தனக்கு வேண்டிய நாலு விஷயத்தையும் சொருகிக்கொள்வார்.

போன தடவை அப்படித்தான் கால் மணி நேரம் பேசி முடித்து மூச்சு வாங்கியபோது, சபையின் கோடியிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"துபாஷியாரே, துரை இப்போது விட்டது கொட்டாவி. அதையா இவ்வளவு நேரம் மொழிபெயர்த்தீர்?"

சபை குலுங்கிச் சிரித்தது. துரையும், எதற்கென்று தெரியாமலே சிரித்தார். அந்தக் குரலுக்குச் சொந்தக்காரன் விகடகவி சிட்டையன். அன்று முதல் துபாஷி சரியாகத் தூங்கியதில்லை.

இப்போது துபாஷிக்கு உள்ளூர உதறல். நேற்றே தன் இங்கிலீஷ் புத்தகத்தைத் தலைகீழாகப் புரட்டிப் பார்த்துவிட்டார். மாறனுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனால் அவர் முகம் மலர்ந்தது. ஒரே கல்லில் தன் தலையையும் காப்பாற்றிக்கொண்டு, சிட்டையன் கதையையும் முடித்துவிடலாம்!

"அரசே, இப்படிப்பட்ட நுட்பமான காரியத்துக்கு நம் விகடகவிதான் சரியான ஆள். எதைக் கேட்டாலும் பதில் வைத்திருக்கிறாரே!"

"ஆமாம், ஆமாம்!" என்றார் புலவர். அவருக்கும் சிட்டையன் மேல் பழைய கணக்கு ஒன்று இருந்தது.

"எனக்கு இங்கிலீஷில் 'யெஸ்' மட்டும்தான் தெரியும், மகாராஜா," என்றான் சிட்டையன். "அதுவும் துபாஷியார் தயவில். கால் மணி நேரம் கற்றுக்கொண்டேன்."

"பார்த்தீர்களா, வாயை!" துபாஷி கையை ஓங்கினார். "அரசே, இவர் தாமாக எதையாவது இட்டுக்கட்டி இங்கிலீஷ் என்று சாதித்துவிடக் கூடாது. துரைதான் அந்த வார்த்தையைத் தம் வாயால் சொல்ல வேண்டும். துரைக்கு இங்கிலீஷைத் தவிர வேறு பாஷையில் ஒரு வார்த்தை கூடத் தெரியாது. தண்ணீர் கேட்கக்கூட என்னைத்தான் கூப்பிட வேண்டும். ஆகவே அவர் வாயிலிருந்து விழுவது எல்லாமே இங்கிலீஷ்தான். அதற்கு நான் ஜாமீன். ஆனால், விகடகவி துரையிடம் ஒரு வார்த்தை பேசக் கூடாது. சொல்லிக் கொடுத்துவிடுவார்!"

"நியாயம்தான்," என்றார் ராஜா. பசி வேறு. "சிட்டையா, வெள்ளிக்கிழமை சபை கலைவதற்குள் வார்த்தை வர வேண்டும். வராவிட்டால்?"

துபாஷி முந்திக்கொண்டார். "இந்தச் சபையில் இனி விகடகவி வாயில் துணி கட்டிக்கொண்டுதான் உட்கார வேண்டும். ஆயுள் முழுக்க."

"அப்படியே ஆகட்டும்!"

சிட்டையன் முகத்தில் இருந்த சிரிப்பு முதல் தடவையாக இறங்கியது. பாட்டுக்காரனுக்குத் தொண்டை எப்படியோ, அவனுக்கு வாய் அப்படி. அது போனால் அந்தச் சபையில் அவன் ஒரு தூண். நிறையத் தூண்கள் ஏற்கெனவே இருந்தன.

*

வீட்டில் மனைவி பொன்னுருவி விஷயத்தைக் கேட்டுவிட்டு முறத்தைக் கீழே வைத்தாள்.

"வாயில துணியா? சபையில மட்டுமா, வீட்டுலயுமா?"

"சபையில மட்டும்தான்."

"அப்ப அங்க பேச முடியாத அத்தனையையும் இங்க வந்துல்ல பேசுவீங்க! ஆயுசு முழுக்க யாரு கேக்கறது? எந்திரிங்க. போய் அந்த வார்த்தையைத் தேடுங்க."

"எங்கன்னு தேடறது?"

"இதென்ன கேள்வி? துரை வாயிலேருந்துதானே வரணும்? அந்த வாய்க்குச் சோறு போடறவன் ஒருத்தன் இருப்பான்ல?"

சிட்டையன் அவளைப் பார்த்தான். பிறகு செருப்பைப் போடாமலே ஓடினான்.

*

ஊருக்கு வெளியே மாந்தோப்பில் துரையின் கூடாரம். பின்பக்கம் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தான் பட்லர் சூசை. துரை குதிரையில் ஊர் சுற்றப் போயிருந்தார்.

"வாங்க வாங்க, கொட்டாவிக் கவிராயரே!" என்றான் சூசை. அந்தக் கதை தோப்பு வரை வந்திருந்தது. "என்ன இந்தப் பக்கம்?"

சிட்டையன் ஒரு மரத்தடியில் உட்கார்ந்தான். "சூசை, உங்க துரை அதிகமா என்ன வார்த்தை பேசுவாரு?"

"எனக்கு எங்க தெரியும்? சூப்பு, சால்ட்டு, ஸ்டுப்பிட்டு. இந்த மூணுதான் எங்கிட்ட வரும்." சூசை ஊதாங்குழலைக் கீழே வைத்தான். "ஆனா அந்தக் கதை ஒண்ணு இருக்கு பாருங்க. அதை மட்டும் தினம் ரெண்டு தடவை சொல்லுவாரு. விருந்தாளி வந்தா மூணு தடவை. கேட்டுக் கேட்டு எனக்கே நீச்சல் வந்திருச்சு."

"என்ன கதை?"

"அவரு மொத மொத நம்ம கரையில வந்து இறங்கின கதை. புயல்ல கப்பல் கவுந்துடிச்சு. கப்பல் மூக்குல பெருசா ஒரு தங்கச் சிங்கம் நிக்க வெச்சிருந்தாங்களாம். லயனு, லயனுன்னு சொல்லுவாரு. அதுதான் மொதல்ல முங்கிச்சாம். இவரு ரெண்டு வாய் உப்புத்தண்ணி குடிச்சிட்டு, ஐயோ ஏசுவேன்னு கையைத் தூக்கறாரு, அப்ப பாத்து..."

சூசை அடுத்து என்ன நடந்தது என்று சொன்னான். துரை அதை எப்படிச் சொல்வார் என்று எழுந்து நின்று நடித்தும் காட்டினான்.

சிட்டையன் மரத்தடியிலிருந்து துள்ளி எழுந்தான். "இன்னொரு தடவை சொல்லு!"

சூசை சொன்னான்.

"கடைசி வார்த்தையை மட்டும்!"

சூசை, துரை சொல்கிற மாதிரியே மூக்கை உயர்த்திக்கொண்டு சொன்னான். சிட்டையன் சூசையைக் கட்டிக்கொண்டான். சூப்பில் கரி விழுந்தது.

"சூசை, நான் அவர்கிட்ட ஒரு வார்த்தை பேசக் கூடாது. ஆனா அவரு இந்தக் கதையைச் சபையில சொல்லணும். என்ன பண்ணணும்?"

"பேச எதுக்கு? நிறையத் தண்ணியைக் கண்ணுல காட்டுங்க, போதும். போன வாரம் மாட்டுத் தொட்டியைப் பாத்துட்டே ஒரு மணி நேரம் சொன்னாரு."

*

வெள்ளிக்கிழமை. சபை நிரம்பி வழிந்தது. விருந்து முடிந்து டாப்லின் துரை நாற்காலியில் சாய்ந்திருந்தார். பக்கத்தில் துபாஷி, புது அங்கவஸ்திரத்தில். அவர் கையில் மடித்த வெள்ளைத் துணி ஒன்று தயாராக இருந்தது.

"எங்கே சிட்டையன்?" என்றார் ராஜா.

கதவு திறந்தது. சபை திகைத்தது.

சிட்டையன் தன் வாயைத் தானே துணியால் கட்டிக்கொண்டு வந்தான். அவனுக்குப் பின்னால் அரண்மனை மடைப்பள்ளியின் பெரிய அண்டாவை நான்கு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். விளிம்பு வரை தண்ணீர். துரையின் காலடியில் இறக்கினார்கள்.

"தோல்வியை முன்னதாகவே ஒப்புக்கொண்டுவிட்டார் பாவம்," என்றார் துபாஷி. "குளிப்பாட்டி வழியனுப்ப வேண்டும் போலிருக்கிறது."

சிட்டையன் மடியிலிருந்து ஒரு மரக்கிண்ணத்தை எடுத்துத் தண்ணீரில் மிதக்கவிட்டான். கையால் மெல்ல அலை எழுப்பினான். கிண்ணம் ஆடியது. இன்னும் கொஞ்சம் வேகமாக அலை எழுப்பினான். கிண்ணம் சாய்ந்தது.

துரை நிமிர்ந்து உட்கார்ந்தார்.

ஓங்கி ஓர் அலை. கிண்ணம் கவிழ்ந்தது.

"ஓ!" என்று கத்திக்கொண்டு எழுந்தார் துரை. அவ்வளவுதான். மடை திறந்துவிட்டது. கைகளை அலை போல் வீசினார். காற்றுப் போல் ஊதினார். 'லயன், லயன்' என்று சொல்லிக் கட்டைவிரலைக் கீழ்ப்பக்கம் காட்டினார். கன்னத்தை உப்பித் தண்ணீரைத் துப்புவது போல் செய்தார். பிறகு இரண்டு கைகளாலும் எதையோ நெஞ்சோடு இறுக்கிக் கட்டிப்பிடித்து, கண்ணை மூடி, பக்தன் சாமி பெயரைச் சொல்வது போல் உருகிச் சொன்னார்:

"கட்டமாறன்! கட்டமாறன்!"

ராஜா சிம்மாசனத்தின் நுனிக்கு வந்துவிட்டார். "துபாஷி! என்ன அது? என் பெயருக்கு வால் பொருத்தியது போல் இருந்ததே!"

துபாஷி வெளிறினார். "அது... துரை தங்கள் கீர்த்தி கடலினும் பெரியது என்று..."

"கட்டமாறன்!" என்றார் துரை மூன்றாவது முறையாக, துபாஷியை நோக்கியே.

புலவருக்குப் பொறுக்கவில்லை. பாய்ந்து எழுந்தார். "அரசே, மோசடி! இது இங்கிலீஷே இல்லை. நம் கடற்கரையில் மீன் பிடிக்கிறவர்கள் தள்ளிக்கொண்டு போகிறார்களே, கட்டுமரம்! அதைத்தான் துரை தம் நாக்கில் புரட்டிச் சொல்கிறார். சுத்தத் தமிழ்!"

துபாஷி புலவரின் தொடையைக் கிள்ளினார். நேரம் கடந்துவிட்டது.

ராஜா மெதுவாகத் திரும்பினார். "துபாஷி, துரைக்கு இங்கிலீஷைத் தவிர ஒரு வார்த்தை கூடத் தெரியாது என்று நீர்தானே ஜாமீன் சொன்னீர்? இது தமிழ் என்றால், துரைக்குத் தமிழ் வருகிறது. இனி நானே அவரோடு நேரில் பேசிக்கொள்கிறேன். நடுவில் நீர் எதற்கு?"

துபாஷியின் கண் முன்னால் அவர் வீடு, வில்வண்டி, பட்டு அங்கவஸ்திரம் எல்லாம் வரிசையாக நடந்து வெளியே போயின.

"இங்கிலீஷ்தான், அரசே!" என்று அலறினார். "கலப்படமில்லாத இங்கிலீஷ்! புலவருக்கு என்ன தெரியும்?"

"நேற்று வரை நாம் ஒரு கட்சியில்லையா?" என்றார் புலவர்.

"வாயை மூடும்!"

ராஜா முகத்தில் புன்னகை அரும்பியது. துபாஷிக்கு அதைப் பார்க்க ஆகவில்லை. கடைசி அம்பை எடுத்தார்.

"ஆனால் அரசே, பொருளையும் யோசிக்க வேண்டும். சோமராயனுக்குக் கிடைத்தது சிங்கம். தங்களுக்குக் கிடைத்தது நாலு கட்டை, ஒரு கயிறு. சிங்கத்துக்குக் குறையக் கூடாது என்றல்லவா தாங்கள்..."

புன்னகை அணைந்தது. ராஜாவின் கை வாளின் பிடிக்குப் போனது. "கட்டையா? நான் கட்டையா? சிட்டையா! துணியை அவிழ்த்துவிட்டுப் பேசு. கடைசித் தடவையாக இருந்தாலும் இருக்கும்."

சிட்டையன் துணியை அவிழ்த்தான். ஒரு பெரிய மூச்சு விட்டான்.

"மகாராஜா, நான் துரையிடம் பேசக் கூடாது. தாங்கள் கேளுங்கள். அவர் வந்த கப்பலின் மூக்கில் நின்றது என்ன? அது எங்கே போயிற்று? அவர் உயிரோடு கரைக்கு வந்தது எதன் மேல்?"

ராஜா கேட்டார். துபாஷி வேண்டாவெறுப்பாக மாற்றிச் சொன்னார். துரைக்கு உற்சாகம் பொங்கியது. தம் கதையை ஒருவர் திருப்பிக் கேட்டது அவர் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை!

"லயன்?" என்றார். மூக்கைப் பிடித்துக்கொண்டு 'குளுக் குளுக்' என்று தரை வரை குனிந்து காட்டினார். பிறகு நிமிர்ந்து, நெஞ்சில் கை வைத்து, ராஜாவை நோக்கித் தொப்பியைக் கழற்றினார். பாட்டுத் தானாக வந்து விழுந்தது:

"நோ லயன்! நோ லயன்! கட்டமாறன்! கிங் செங்கழனி மாறன்!"

"அரசே," என்றான் சிட்டையன் குனிந்து, "சிங்கம் முங்கிப் போயிற்று. நடுக்கடலில் தவித்தவனை மார்போடு அணைத்துக் கரை சேர்த்தது கட்டுமரம். ஒரு ராஜாவுக்கு இதில் எது லட்சணம்? சோமராயனைத்தான் கேட்டு எழுத வேண்டும்."

ராஜா ஒரு கணம் அவனையே பார்த்தார். உதடு துடித்தது. பிறகு வெடித்தது பாருங்கள் ஒரு சிரிப்பு! கிரீடம் நழுவிக் காது வரை இறங்கியது.

"முங்கிப் போயிற்றா! சோமராயன் சிங்கம் முங்கிப் போயிற்றா! யாரங்கே, சித்திரக்காரனைக் கூப்பிடு! கோட்டை வாசலில் எழுதட்டும். கட்டுமரத்தின் மேல் நான். என்னைக் கட்டிக்கொண்டு துரை. பக்கத்தில் தண்ணீருக்கு மேலே ஒரு வால். சிங்கத்தின் வால் மட்டும். சோமராயனுக்கு ஓர் ஓலையும் போகட்டும்!"

சொல்லிவிட்டு, "முதலில் இலை போடுங்கள். பசிக்கிறது," என்றார்.

தன் தோளில் கிடந்த ஜரிகைச் சால்வையை எடுத்துச் சிட்டையன் தோளில் போர்த்தினார். "இன்னும் என்ன வேண்டும், கேள்!"

"இந்தத் துணியைச் சபையிலேயே மாட்டி வைக்க வேண்டும், மகாராஜா. துரை ஒரு வார்த்தை சொன்னால் துபாஷியாரும் ஒரு வார்த்தைதான் சொல்ல வேண்டும். மிஞ்சினால் துணி அவருக்கு."

"கொடுத்தேன்!"

அன்று சபை கலையும் நேரத்தில் ராஜா துரையைப் பார்த்து, "விருந்து பிடித்திருந்ததா?" என்று துபாஷி மூலம் கேட்டார்.

"யெஸ்," என்றார் துரை.

சபையே துபாஷி பக்கம் திரும்பியது. துபாஷி வாயைத் திறந்தார். தூணில் தொங்கும் துணியைப் பார்த்தார்.

"ஆம்," என்றார்.