சூரைக்கொடிக்கு மேலே ஒரு வீடு

குளக்கரையில் ஒரு வாகை மரம். அதன் உச்சிப் பொந்தில் ஓர் அணில் குடியிருந்தாள். அவளுக்கு மூன்று குட்டிகள். மூன்றும் இன்னும் நடை பழகவில்லை. அதிலும் கடைக்குட்டி ரொம்ப நோஞ்சான்.

அதே மரத்தின் அடியிலிருந்து பாதி உயரம் வரை ஒரு சூரைக்கொடி சுற்றிப் படர்ந்திருந்தது. கொடி என்று பெயர்தான், தண்டு விறகுக்கட்டை போல முற்றியிருக்கும். கணுவுக்குக் கணு கொக்கி முள். முள்ளுக்கு நடுவே மிளகைவிடக் கொஞ்சம் பெரிதாய்க் கறுப்புப் பழங்கள், புளிப்பும் இனிப்புமாக. அந்தக் கொடிக்குள்ளே ஒரு கொண்டைக்குருவி கூடு கட்டி, இரண்டு குஞ்சுகளை வளர்த்துவந்தாள்.

அணிலுக்கு அது பொறுக்கவில்லை.

காலையில் கண் விழித்ததும் முதலில் கீழேதான் எட்டிப் பார்ப்பாள். குருவி வாசலில் நின்றபடியே பழம் பறிப்பாள். குஞ்சுகள் படுத்த படுக்கையிலேயே வாயைத் திறக்கும். அணிலோ இரைக்காக நாலு மரம் தாண்டி ஓட வேண்டும். திரும்பி வந்து மூன்று தலையையும் தொட்டுப் பார்க்கிறவரை அவள் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும்.

'அவளுக்கு மட்டும் எல்லாம் வாசலிலே. நான் என்ன பாவம் செய்தேன்?'

மைனா வந்தால் குருவியிடம்தான் குழைவாள். "உங்க வீட்டுப் பழத்துக்கு ஈடே இல்லை அக்கா!" மேலே ஏறிட்டும் பார்க்க மாட்டாள். அணிலின் வாசலில் காய்ந்த வாகை நெற்றுதான் கலகலவென்று ஆடும்.

ஒருநாள் குருவியே கூப்பிட்டாள். "தங்கச்சி, பழம் நிறையக் கிடக்கு. நுனியிலே முள் கம்மிதான். வந்து பறிச்சுக்கோ."

"வேண்டாம் அக்கா. எங்க பிள்ளைங்களுக்குப் புளிப்பு ஒத்துக்காது."

சொல்லிவிட்டாளே தவிர, அன்று முழுக்க அவள் நாக்கில் எச்சில் ஊறியது. "அள்ளிப் போடுறாளாம், மகாராணி" என்று பொந்துக்குள்ளே முணுமுணுத்தாள்.

அன்று பொழுது சாயும்போது முள்ளம்பன்றி வளையை விட்டு வெளியே வந்தான். அணில் கீழ்க்கிளைக்கு இறங்கி, தேன் ஒழுகப் பேசினாள்.

"அண்ணே, சூரை வேர்ப்பட்டை அப்படி இனிக்குமாமே?"

"யார் சொன்னா?"

"எல்லாரும்தான் சொல்றாங்க. ஆனா முள்ளுக்குப் பயந்து ஒருத்தரும் கிட்டப் போறதில்லை. நீங்களும் பயப்படுவீங்கன்னு மைனா சொன்னா."

"நானா? முள்ளுக்கா?" முள்ளம்பன்றி உடம்பைச் சிலிர்த்துக்கொண்டான். "என் முதுகைப் பார்த்துட்டுப் பேசச் சொல்லு அவளை!"

போய் வேரடியில் ஒரு கடி கடித்தான். ஒரே கசப்பு. பாதியில் விட்டால் பயந்துவிட்டான் என்பார்களே! முகத்தைச் சுளித்துக்கொண்டே, தண்டு முழுவதையும் அடியோடு அறுத்துவிட்டுத்தான் நகர்ந்தான்.

கொடியின் இலைகள் பழுத்தன. பழங்கள் சுருங்கின. அணில் தினமும் எட்டிப் பார்த்தாள். ஒவ்வொரு இலை உதிரும்போதும் அவளுக்குத் தித்தித்தது. ஆனால் கடைசி இலை உதிருமுன்பே குருவியின் குஞ்சுகளுக்குச் சிறகு வலுத்து, இரண்டும் பறந்துபோய்விட்டன. மறுநாள் வீசிய காற்றில் கொடி மொத்தமும் ஒரு பக்கமாகச் சரிந்து தரையில் குவிந்தது. குருவி அதை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். பிறகு குளத்தின் மறுகரைக்குப் போய்விட்டாள்.

"இனிமேல் யார் வாசலுக்கு மைனா வருவாளோ" என்று அணில் சிரித்தாள்.

அடுத்த நாள் உச்சிவெயிலில் ஓர் உடும்பு வந்தது.

அது புதிதாக வந்ததில்லை. நெடுநாளாகவே அந்த மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்ததுதான். முள் அடிவயிற்றைக் கிழித்துவிடும் என்று ஏறாமல் திரும்பிப் போகும். அணிலுக்கு அது தெரியவே தெரியாது. அவளுடைய போக்குவரத்தெல்லாம் மெல்லிய உச்சிக்கிளை வழியாகப் பக்கத்து இலுப்பை மரத்துக்கு.

இப்போது அடிமரம் மொட்டையாக இருந்தது. உடும்பு நகத்தை ஊன்றி ஏறியது.

அணில் ஒரு குட்டியைக் கவ்விக்கொண்டு இலுப்பைக்குத் தாவினாள். கிளைக் கவட்டில் வைத்துவிட்டுத் திரும்பினாள். இரண்டாவதைக் கவ்வினாள். உடும்பின் மூச்சு கேட்டது. தாவினாள், வைத்தாள், திரும்பினாள்.

பொந்து காலியாக இருந்தது.

நோஞ்சானைக் கடைசியாக விட்டதே தப்பு என்று கத்தினாள். மரம் மரமாக ஓடிக் கத்தினாள். சத்தம் கேட்டு மறுகரையிலிருந்து குருவி வந்தாள்.

"அக்கா, கொடியை அறுக்கச் சொன்னது நான்தான்."

"தெரியும். அணில் இனிக்கும்னு சொன்னா, கசக்குது கசக்குதுன்னு முள்ளம்பன்றி ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியுறான்."

"தெரிஞ்சுமா வந்தே?"

குருவி குளத்தின் பக்கம் அலகை நீட்டினாள். "மறுகரையிலே இன்னொரு சூரை ஏறின மரம் இருக்கு. மேலே பொந்து காலி. உடும்பு மறுபடியும் வரும், எழுந்திரு."

அணில் இரண்டு குட்டிகளையும் ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு, அழுதபடியே அந்தக் கொடிக்கு மேலே குடிபோனாள்.

பொறாமையில் அடுத்தவள் வேலியை அறுக்கிறவள், தன் பிள்ளையைக் காத்து நிற்கும் வேலியையே அறுத்துக்கொள்கிறாள்.