இல்லாத ஆய்வகம்

சோமாஸ்கந்தன் முப்பத்தொரு வருடம் மாவட்டக் கருவூலத்தில் வேலை பார்த்தவர். ஓய்வு பெற்ற மறுமாதமே செங்குளத்துக்கு வந்து, தன்னைவிட இருபது வயது இளையவரான யோகாம்பிகையிடம் சீடராகச் சேர்ந்துகொண்டார். யோகாம்பிகை அங்கே ஒரு சிறிய ஆசிரமமும், அதை ஒட்டி அரசு உதவி பெறும் நடுநிலைப் பள்ளி ஒன்றும் நடத்திவந்தார். காலையில் தியானம் சொல்லித்தருவார். பத்து மணிக்கு ஏழாம் வகுப்புக்கு அறிவியல் எடுப்பார். பள்ளியின் கணக்கு வழக்கு முழுவதும் சோமாஸ்கந்தன் பொறுப்பு.

அந்த வருடம் பிப்ரவரியில் பொறியாளர் வந்து பார்த்தார். ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகள் நடக்கும் கட்டடத்தின் கூரையில் விரிசல். அதை மாற்றாமல் உறுதிச் சான்று தர முடியாது என்று சொல்லிவிட்டுப் போனார். சான்று இல்லாவிட்டால் மே மாதத்தோடு அந்த மூன்று வகுப்புகளுக்கும் அங்கீகாரம் போய்விடும்.

செலவு பன்னிரண்டு லட்சம். பள்ளியிடம் இருந்தது ஒரு லட்சத்துக்கும் கீழே. அரசு தரும் மானியம் சம்பளத்துக்கு மட்டும். அதில் ஒரு ரூபாயைக்கூடக் கூரைக்குத் திருப்பக் கூடாது.

சோமாஸ்கந்தன் ஊர் ஊராக அலைந்தார். கடைசியில் நூல் மில் முதலாளி செல்வரங்கம் முப்பது லட்சத்துக்குக் காசோலை கொடுத்தார். கூடவே ஒரு நிபந்தனை. பதினெட்டு லட்சத்தைப் பணமாக எடுத்து அவரிடமே திருப்பித் தந்துவிட வேண்டும். முப்பதுக்கும் ரசீது போட்டால் அவருக்கு வரி மிச்சம். பள்ளிக்குப் பன்னிரண்டு. திரும்பிப் போகும் பதினெட்டுக்குப் பள்ளி எதையாவது செலவு காட்டிக்கொள்ள வேண்டும்.

இரண்டு நாள் உட்கார்ந்து சோமாஸ்கந்தன் காட்டிவிட்டார். புதிய அறிவியல் ஆய்வகம். செங்கல், சிமெண்ட், மேசைகள், நுண்ணோக்கி பத்து. எல்லாவற்றுக்கும் பில். கணக்கு ஒரு பைசா உதைக்கவில்லை.

காகிதக் கட்டை யோகாம்பிகையின் முன்னால் கொண்டுபோய் வைத்தார்.

"அம்மா, நூத்திப்பத்துப் பிள்ளைங்களுக்காகச் சொல்ற பொய்யும் பொய்தானா?"

யோகாம்பிகை ஒவ்வொரு தாளாகப் படித்தார். முகத்தில் கோபம் எதுவும் இல்லை.

"ஆய்வகம் எங்க வருது?"

"வரைபடத்துல கிணத்தடிக்கு மேற்கால போட்டிருக்கேன்."

"நல்லது. நாளைக்கு ஏழாம் வகுப்பை அங்க கூட்டிட்டு வாங்க. பாடம் ஆய்வகத்துல."

சோமாஸ்கந்தன் சிரித்தார். யோகாம்பிகை சிரிக்கவில்லை.

மறுநாள் முப்பத்தாறு பிள்ளைகள் கிணற்றடிக்கு மேற்கே வந்து நின்றார்கள். நெருஞ்சி மண்டிய வெற்றிடம். ஓர் ஓரமாக யாருடைய ஆடோ மேய்ந்துகொண்டிருந்தது.

"இதுதான் நம்ம புது ஆய்வகம்," என்றார் யோகாம்பிகை.

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முன்னால் நின்ற செண்பகம் கேட்டாள்.

"எங்க டீச்சர்?"

"ஐயாதான் கட்டினார். ஐயாகிட்ட கேளு."

செண்பகம் அவர் பக்கம் திரும்பினாள். அவளிடம் கிண்டல் இல்லை. நிஜமாகவே கேட்டாள்.

"மைக்ராஸ்கோப் இருக்குங்களா ஐயா? நான் இதுவரைக்கும் பாத்ததே இல்ல."

சோமாஸ்கந்தன் வாயைத் திறந்தார். எத்தனையோ தணிக்கை அதிகாரிகளுக்குச் சளைக்காமல் பதில் சொன்ன வாய் அது. வெயில் கழுத்தில் சுட்டது. முப்பத்தாறு பேரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இல்லம்மா," என்றார் கடைசியில். "இங்க ஒண்ணுமே இல்ல."

"அப்ப கிளாசுக்குப் போகலாம்," என்றார் யோகாம்பிகை.

அன்று மாலை செல்வரங்கம் காரில் வந்து இறங்கினார். சோமாஸ்கந்தனே காசோலையை அவரிடம் நீட்டினார்.

"எல்லாரும் செய்யறதுதானே ஐயா?" என்ற செல்வரங்கம், யோகாம்பிகை பக்கம் திரும்பினார். "வீம்பு பிடிச்சா பாதிப் பள்ளிக்கூடம் போயிடும்மா. யோசிச்சுக்குங்க."

"யோசிச்சாச்சுங்க. பாதிதான் போகும்."

"மீதி எத்தனை நாளைக்குன்னு நானும் பாக்கறேன்."

"வந்து பாருங்க. கேட் திறந்துதான் இருக்கும்."

மே மாதம் வந்தது. சொன்னபடியே பாதிப் பள்ளி போனது. யோகாம்பிகை பெற்றோர்களைக் கூட்டி நடந்ததை அப்படியே சொன்னார். சிலர் கத்தினார்கள். செண்பகத்தின் அப்பா எழுந்து, "அந்த மில்காரர் கேட்டதைச் செஞ்சு குடுத்திருந்தா யாருக்கு என்ன நட்டம்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் வெளியே போனார். பிள்ளைகளின் மாற்றுச் சான்றிதழ்களைச் சோமாஸ்கந்தன் ஒவ்வொன்றாக எழுதினார். ஒரு வாரம் அவர் யோகாம்பிகையிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் ஆசிரமத்தை விட்டுப் போகவும் இல்லை.

ஜூலையில் ஒரு நாள், முன்னறிவிப்பு எதுவும் இல்லாமல் ஒரு ஜீப் வந்து நின்றது. தணிக்கைக்காரர்கள் மூன்று பேர். பள்ளி, மானியத்தைச் சுருட்டுகிறது என்று யாரோ மொட்டைக் கடிதம் போட்டிருந்தார்கள். யாராக இருக்கும் என்று சோமாஸ்கந்தன் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

அவர் வகுப்பறைக்கு ஓடினார். யோகாம்பிகை ஐந்தாம் வகுப்புக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார். கரும்பலகையில் ஒரு செடி பாதி வரைந்திருந்தது. வேர் இருந்தது, இலை இன்னும் வரவில்லை.

"அம்மா, ஆபீசர்ங்க வந்திருக்காங்க. மத்த பள்ளிக்கூடத்துல எல்லாம் வாசலுக்கே போய் நிப்பாங்க. மாலை என்ன, இளநீர் என்ன! நாம ஒரு நாற்காலிகூட எடுத்துப் போடல. இருக்கற மீதியும் இப்ப அவங்க கையிலதான் இருக்கு. வந்து ரெண்டு வார்த்தை பேசுங்கம்மா."

யோகாம்பிகை சாக்பீஸைக் கீழே வைக்கவில்லை.

"கணக்கு நோட்டெல்லாம் மேசை மேலதானே இருக்கு?"

"இருக்கு."

"அப்ப அவங்க படிக்கட்டும் ஐயா. நாங்களும் படிச்சிட்டிருக்கோம்."