நாரைப் பெயர் கொண்ட வீட்டார்

அந்தக் காலத்தில் பறவைகளுக்கும் மனிதர்களுக்கும் ஒரே பேச்சுதான். ஜெர்மானிய நாட்டில், பெரிய ஏரிக்கரை ஊர் ஒன்றில் ஹெட்விக் என்ற பெண் இருந்தாள். அவள் கணவன் கொன்ராட் வண்டிச் சக்கரம் செய்கிற தச்சன். அந்த ஊரில் இன்னும் பல கொன்ராட்கள் இருந்தார்கள். குடும்பப் பெயர் என்ற ஒன்றை அப்போது யாரும் அறிந்திருக்கவில்லை. "எந்தக் கொன்ராட்?" என்று கேட்டால், "சிவந்த தாடிக்காரன்", "மேட்டு வீட்டுக்காரன்" என்று அடையாளம் சொல்லித்தான் சமாளித்தார்கள்.

அந்நாளில் செங்கால் நாரைக்கு இருந்த குரல் வேறு எந்தப் பறவைக்கும் இல்லை. அக்கரையில் ஒரு நாரை பாடினால் இக்கரையில் மாடுகள் மேய்ச்சலை விட்டுத் தலை தூக்கும். நாரைகள் காட்டின் உயர்ந்த மரங்களில்தான் கூடு கட்டும். ஒரே ஒரு நாரை மட்டும் வசந்தம் பிறந்ததும் ஹெட்விக்கின் கூரை முகட்டில் வந்து நிற்கும்.

"என்ன நாரையாரே, இந்தத் தடவை எதுவரை போய் வந்தீர்?" என்பாள் அவள், மாவு பிசைந்த கையோடு வெளியே வந்து.

"யானைகள் குளிக்கிற ஆறுகள் வரைக்கும், அம்மா. அங்கே சில மரங்களுக்குக் கிளையே கிடையாது. உச்சியில் மட்டும் விசிறி விரித்த மாதிரி ஓலை."

"சும்மா அளக்காதேயும்!"

"இங்கே ஏரி உறைந்து கல்லாகிவிடும், அதன் மேல் நடந்தே போகலாம் என்று அங்கே சொன்னேன். அங்கிருப்பவர்களும் 'அளக்காதேயும்' என்றுதான் சொன்னார்கள்."

ஹெட்விக் விழுந்து விழுந்து சிரிப்பாள். ஏரிக்கு அப்பால் ஓர் ஊரைக்கூடப் பார்த்திராதவள் அவள். அந்தக் குரல் வழியாகத்தான் உலகத்தைப் பார்த்தாள்.

கோடை முடிகிற சமயம். நாரைகள் தெற்கே கிளம்பக் கூடியிருந்தன. அன்று காலையில் ஊரார் படகுகளில் ஏரித் தீவுக்குப் புல் அறுக்கப் போனார்கள். கொன்ராடோடு மகள் கெர்டாவும் போயிருந்தாள். அவர்கள் திரும்பும் வேளையில் மூடுபனி இறங்கியது. நீட்டிய கை தெரியாத மூட்டம். ஏரியின் கோடியில் தண்ணீர் பாறைகளின் மேல் கொட்டும். திசை தவறிய படகு அங்கேதான் போய்ச் சேரும்.

கரையில் பெண்கள் கத்தினார்கள். சட்டிகளைத் தட்டினார்கள். எல்லாச் சத்தத்தையும் பனி விழுங்கிக்கொண்டது.

கரையோரம் ஹெட்விக்கின் கூரை முகட்டில் அந்த நாரை நின்றிருந்தது. வானத்திலிருந்து கூட்டத்தின் தலைமை நாரை அதைக் கூப்பிட்டது: "கிளம்பு! இந்தக் குளிர் நெஞ்சில் இறங்கினால் தொண்டை போய்விடும். மேலே வந்துவிடு!"

ஹெட்விக் கூரையை அண்ணாந்து பார்த்தாள். "நாரையாரே, உம்முடைய குரல் அக்கரை வரை கேட்குமே. கரை இந்தப் பக்கம் என்று கூப்பிடும்!"

நாரை கிளம்பவில்லை. கழுத்தை நீட்டிக் கூப்பிட்டது. மூட்டத்துக்குள்ளிருந்து ஒரு படகு வந்தது. மறுபடி கூப்பிட்டது. இன்னொன்று வந்தது. இப்படியே ஒவ்வொன்றாகக் கரை சேர்ந்தன. கொன்ராடின் படகு மட்டும் வரவில்லை.

"அம்மா," என்றது நாரை. குரல் கரகரத்திருந்தது. "தொண்டை எரிகிறது. இதற்கு மேல் கூப்பிட்டால் அறுந்தே போகும்."

தான் எதைக் கேட்கிறோம் என்று ஹெட்விக்குக்குத் தெரிந்தேயிருந்தது.

"இன்னும் ஒரே ஒரு தடவை," என்றாள்.

 நாரை சிறகை விரித்து, உடம்பிலிருந்த மூச்சையெல்லாம் திரட்டி ஒரு கூப்பாடு போட்டது. அப்படியொரு குரலை அந்த ஏரி அதற்கு முன் கேட்டதில்லை. நீண்டுகொண்டே போனது. பாதியில் நூல் அறுந்தாற்போல் நின்றது.

சற்றைக்கெல்லாம் துடுப்புச் சத்தம் கேட்டது. தலையெல்லாம் புல்லோடு கெர்டா "அம்மா!" என்று கரையில் குதித்தாள். மகளையும் கணவனையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு அழுத ஹெட்விக் பிறகுதான் நிமிர்ந்து பார்த்தாள். நாரை அலகைத் திறந்தது. ஒன்றும் வரவில்லை. அது மெல்லச் சிறகடித்துத் தன் கூட்டத்தின் பின்னால் போய்விட்டது.

அந்தக் குளிர்காலம் முழுக்க அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"நீ கேட்காமல் இருந்திருந்தால் நாங்கள் இரண்டு பேரும் இல்லை," என்றான் கொன்ராட்.

"தெரியும். மறுபடி அப்படி நேர்ந்தாலும் கேட்பேன். அதுதான் தாங்கவில்லை."

வசந்தம் வந்தது. நாரையும் வந்தது. முகட்டில் இறங்கி, அவளைப் பார்த்து, தலையை முதுகு வரை சாய்த்து அலகைத் தட்டியது. டக டக டக டக.

உடன் வந்த தலைமை நாரை சொன்னது: "வழியெல்லாம் இவன் இப்படித்தான் பேசினான். நாங்கள் பாடினால் தலையைக் குனிந்துகொள்கிறான். அதனால் இனி நாங்களும் பாடப் போவதில்லை, அம்மா. நாரைகள் பேசுகிற கடைசிப் பேச்சு இது."

சொல்லிவிட்டு அதுவும் அலகைத் தட்டியது. காட்டோரம் முழுக்க நாரைகள் தட்டின.

கொன்ராட் பட்டறைக்குள் போனான். தன் கையால் செய்ததிலேயே பெரிய சக்கரத்தை உருட்டி வந்து, கூரைமேல் ஏற்றிப் படுக்கைவாட்டில் பொருத்தினான். "உம்முடைய வீடு இனி இங்கேதான்," என்றாள் ஹெட்விக். நாரை முதல் சுள்ளியைக் கொண்டுவந்து அதில் வைத்தது.

அதன்பின் யாராவது "எந்தக் கொன்ராட்?" என்று கேட்டால், ஊரார் "ஷ்டோர்க் வீட்டுக் கொன்ராட்" என்றார்கள். அவர்கள் மொழியில் ஷ்டோர்க் என்றால் நாரை. அதுவே குடும்பத்துக்குப் பெயராகிப் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் இறங்கியது. பறவை இழந்த குரல் அந்தக் குடும்பத்துக்கு வந்துவிட்டது என்று சொல்வார்கள். ஷ்டோர்க் பெண் ஒருத்தி பாடினால் அரண்மனையில் விருந்து ஆறிப்போகுமாம். ஒரு ஷ்டோர்க் சபை நடுவே நின்று பேசி, தூக்குமேடைக்குப் போகவிருந்த ஏழையை மீட்டானாம். இன்னொருவன் கப்பலேறி நம் கடற்கரைப் பக்கம் வந்தான். மார்கழி மாதத்து வயலில் செங்கால் நாரை நிற்பதைக் கண்டவன், வரப்பிலேயே உட்கார்ந்து, தன் வீட்டுக் கூரையை நினைத்து நெடுநேரம் அழுதானாம்.

அன்று முதல்தான் செங்கால் நாரை பாடுவதில்லை. அலகைத் தட்டியே பேசுகிறது. அந்த நாட்டார் கூரைமேல் சக்கரம் வைத்து அதற்கு இடம் கொடுப்பதும், ஷ்டோர்க் என்று பெயர் கொண்டவர்கள் வசந்தத்தின் முதல் டகடகப்பைக் கேட்டதும் கைவேலையை விட்டுவிட்டு வெளியே வந்து, வாய் பேசாமல் அண்ணாந்து நிற்பதும் அன்று முதல்தான்.