வரப்பிலிருந்து ஒரு பிடி

“மேல் வயலையும் வித்துரலாமாக்கா?”

பூங்கோதை கேட்டாள்.

தங்கராணி தன் தோட்டத்துக் கிணற்றடியில் நின்றிருந்தாள். பெரிய நீல டிரம் ஒன்றைச் சாய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள்.

மலை இருந்த இடத்தில் பனி மட்டும் இருந்தது. டிரம்மிலிருந்து வழிந்த தண்ணீர் நாலடி போய்ப் பனிக்குள் மறைந்தது.

பூங்கோதை தனியார் விவசாயக் கல்லூரியில் நான்கு வருடம் படித்தவள். அந்தப் படிப்புக்குக் கீழ் வயல் போனது. இப்போது இயற்கை விவசாயத்தில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. கட்டணத்துக்கு மேல் வயல் ஒன்றுதான் மீதி. திங்கட்கிழமை பத்திரப் பதிவு.

தங்கராணி அவளைவிட ஆறு வயது மூத்தவள். எட்டாவதோடு நின்றவள். ஆனால் இயற்கை விவசாயம் கற்றுக்கொள்ள அவள் தோட்டத்துக்குத்தான் சுற்றுப்பட்ட ஊர்க்காரர்கள் வந்தார்கள். நரைத்தவர்களும் அவளை வாத்தியார் என்றே கூப்பிட்டார்கள்.

“அக்கா, நான் கேட்டது காதுல விழுந்துச்சா?”

“விழுந்துச்சு. உங்க மேல் வயல் வரப்புலருந்து ஒரு பிடி மண்ணு கொண்டா. இங்க படிக்க அதான் ஃபீஸு.”

“அவ்வளவுதானா?”

“அதைக் குடுக்க முடியாம நிறையப் பேரு திரும்பிப் போயிருக்காங்க.”

*

மறுநாள் மாலை பூங்கோதை கொண்டுவந்தாள்.

கல் பொறுக்கி, இடித்து, சலித்து, தன் பழைய கல்லூரி ஆய்வகத்துச் சூட்டடுப்பில் உலர்த்தி, உறையில் போட்டு ஒட்டியிருந்தாள். உறைமேல் ஊர், ஆழம், தேதி எல்லாம் அழகான கையெழுத்தில் இருந்தன.

தங்கராணி உறையைப் பிரித்து மூக்கருகே வைத்தாள். கண்களை மூடிக்கொண்டாள். வெகுநேரம் திறக்கவில்லை.

“சுட்டியா?”

“உலர்த்தினேங்கா. ஈரம் இருந்தா கணக்கு தப்பிரும்.”

பயிற்சிக்கு வந்திருந்த சுடலைமுத்து சிரித்துவிட்டார். பேருந்து நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர்.

“நாலு வருசத்துக்கு டிக்கெட் எடுத்துட்டு, கடைசில அடுப்படிலயா தாயி எறங்கின?”

பூங்கோதைக்கு முகம் சுருங்கியது.

தங்கராணி உறையை மறுபடி மடித்து அவள் கையில் வைத்தாள்.

“இது ஃபோட்டோ. எனக்கு உசுரோட ஆள் வேணும்.”

*

மறுநாள் விடியற்காலையில் பூங்கோதை மேல் வயலுக்குப் போனாள்.

பனி வரப்பை மூடியிருந்தது. நடக்கும்போது கால் எதன்மேல் படுகிறது என்றே தெரியவில்லை. வானத்தில் ஒரு கொக்கு நிற்பதுபோல் இருந்தது. பக்கத்தில் போனதும் அது அப்பாவின் வெள்ளைத் துண்டு.

“என்னம்மா, இந்நேரத்துல?”

“ஒரு பிடி மண்ணு வேணும்பா.”

எதற்கு என்று அவர் கேட்கவில்லை. மண்வெட்டி படாத ஓர் இடத்தைத் தேடிப்போனார். புல்லை விலக்கி, வேரோடு ஒரு பிடி பிய்த்தார். துண்டின் முனையில் முடிந்து கொடுத்தார்.

“பாத்துக் கொண்டு போ. ரெண்டு புழு இருக்கு.”

துண்டு உள்ளங்கையில் வெதுவெதுப்பாக இருந்தது.

“திங்கக்கெழம ஒம்பது மணிக்குப் பத்திரத்துக்குக் கார் வருதாம்,” என்றார். யார் வீட்டுக் கல்யாணத்தையோ சொல்வதுபோல.

“உங்களுக்கு வருத்தமாப்பா?”

“நீ படிக்கறதுல எனக்கென்ன வருத்தம்?”

சேற்றிலிருந்து காலை எடுக்காமலே சொன்னார்.

*

சாணம், கோமியம், வெல்லம், பயறு மாவு. டிரம் நிறையத் தண்ணீர். கடைசியாக அந்த ஒரு பிடி.

மண் ஒரு கணம் மிதந்தது. பிறகு காணவில்லை.

“எங்கக்கா போச்சு?”

“வேலைக்குப் போயிருக்கு.”

தங்கராணி அவளிடம் ஒரு மூங்கில் கழியைக் கொடுத்தாள். காலையும் மாலையும் கலக்க வேண்டும். எப்போதும் ஒரே பக்கமாக.

பூங்கோதை கலக்கினாள். சுழலைப் பார்த்துக்கொண்டே நின்றால், டிரம் நிற்பதுபோலவும் தோட்டம் சுற்றுவதுபோலவும் இருந்தது. மலை ஒருமுறை வந்துவிட்டுப் போனது.

மூன்றாம் நாள் மாலை உரக் கரைசல்மேல் நுரை கட்டியது. குமிழ்கள் ஒவ்வொன்றாக உடைந்தன. டிரம்மில் காதை வைத்தாள். தூரத்தில் ஒரு பள்ளிக்கூடமே சேர்ந்து வாய்விட்டுப் படிப்பதுபோல் கேட்டது.

“ஜீவாமிர்தம் ஆயிருச்சு,” என்றாள் தங்கராணி.

“அக்கா, இப்பவாச்சும் சொல்லுங்க. விக்கலாமா?”

“எவ்வளவு மண்ணு எடுத்த?”

“ஒரு பிடி.”

“வரப்பு இடிஞ்சுதா?”

“இல்ல.”

தங்கராணி நுரைத்து நிறைந்திருந்த டிரம்மைக் கழியால் தட்டிக் காட்டினாள்.

“அப்ப மேற்படிப்பு வேண்டாங்கறீங்களா?”

“நான் எப்படி சொல்லுவேன்? படி. எனக்குத் தெரியாததையெல்லாம் வந்து எனக்கும் சொல்லு.”

“பணத்துக்கு?”

“தெரியல பூங்கோதை. தெரிஞ்சா சொல்ல மாட்டேனா?”

இரண்டு கேன்களை எடுத்து நிரப்பினாள். மூடியை இறுக்காமல் வைத்தாள்.

“ஏழு நாளுக்குள்ள ஊத்திரு. அதுக்கு மேல இதுக்கு உசுரு இருக்காது.”

“எங்க ஊத்த?”

தங்கராணி அவளை ஒரு பார்வை பார்த்தாள். கேள்வி புரியாதவளைப் போல. பிறகு அடுத்த டிரம்மைக் கழுவப் போய்விட்டாள்.

*

திங்கட்கிழமை.

பூங்கோதை முதல் பேருந்தில் தன் ஊருக்கு வந்து இறங்கினாள். கேன்கள் இரண்டு கைகளையும் கீழே இழுத்தன. வீட்டுக்குப் போகும் வழியில் நாலு இடத்தில் இறக்கி வைத்து, மூச்சு வாங்கி, மறுபடி தூக்கினாள்.

அப்பா வாசலில் நின்றிருந்தார். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. பத்திரப் பை அக்குளில்.

“என்னம்மா நாத்தம் இது?”

அவள் கேன்களை அவர் காலடியில் வைத்தாள். விரல்கள் விறைத்துப்போயிருந்தன.

பனிக்குள் எங்கோ ஒரு கார் ஹாரன் அடித்தது. இன்னும் கொஞ்சம் அருகில், இன்னொரு முறை.

“சட்டையைக் கழட்டுங்கப்பா,” என்றாள். “மேல் வயல்ல ஊத்தும்போது கறை பட்டா போகாது.”