நாணல் கட்டிய வரி

முன்னொரு காலத்தில் என்று சொல்லிவிட்டால் யாருக்கும் கோபம் வராது. அதனால் அப்படியே தொடங்குகிறேன். முன்னொரு காலத்தில் ஒரு ராஜாவுக்குத் திடீரென்று ஓர் ஆசை வந்தது. தன் நாட்டில் வரி கட்டாத நிலம் ஒரு சாண்கூட இருக்கக் கூடாதாம்.

அமைச்சர் பரமானந்தர் இதற்காகவே காத்திருந்தவர். ஏரியைச் சுற்றி மேட்டில் அவருடைய வயல்கள். வயலுக்கும் தண்ணீருக்கும் நடுவே நாணல் காடு. வடகரை நாணலை அழித்து ஏற்கெனவே உழுதுவிட்டார். அந்தக் கரைத் தண்ணீரைக் குடித்த குழந்தைகள் வயிற்றுப்போக்கில் சுருண்டு கிடந்தன. அரண்மனைக்குத் தென்கரைத் தண்ணீர்தானே போகிறது, அங்கே யாருக்கு என்ன கவலை?

"அரசே, தென்கரை நாணல் ஒரு மணி நெல்கூடத் தருவதில்லை. எனக்கு அளித்தால் உழுது வரி செலுத்துவேன்" என்றார்.

"அதில நீர்க்கோழி குஞ்சு பொரிச்சிருக்கு மகாராஜா. வெட்டினா குஞ்சும் போச்சு, தண்ணியும் போச்சு. என் தங்கச்சி மகன் வடகரைத் தண்ணியக் குடிச்சிட்டு எந்திரிக்க முடியாமக் கெடக்கான்" என்றான் அரண்மனை விகடன் சடையாண்டி. எல்லாரையும் சிரிக்க வைக்கிறவன் முகத்தில் அன்று சிரிப்பே இல்லை.

"இவ்வளவு பரிவிருந்தால் நாணலிடம் இவனே வரி வசூலிக்கட்டும். நாளைக்குள் முடியாவிட்டால் வெட்டிவிடலாம்" என்றார் பரமானந்தர்.

"அப்படியே ஆகட்டும். விளைச்சலில் ஆறில் ஒரு பங்கு எனக்கு வர வேண்டும், அதுதான் வழக்கம்" என்று ராஜாவும் தலையாட்டினார். நாணலிடம் வரியாம். வயிறு எரிகிறதா இல்லையா?

மறுநாள் அரண்மனை வாசலில் சடையாண்டி கொண்டுவந்த வண்டிகள் நின்றன. ஆட்கள் கூடை கூடையாகக் கருஞ்சேற்றைச் சுமந்துவந்து சபை நடுவே கொட்டினார்கள். எருவும் அழுகிய வைக்கோலும் ஊறிய சேறு. நாற்றம் குடலைப் பிடுங்கியது.

"என்னடா இது?" ராஜா மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"நாணல் கட்டுற வரிங்க. மழை பேஞ்சா அமைச்சர் வயல்லேருந்து அடிச்சிட்டு வர்றதையெல்லாம் அதோட வேருதான் புடிச்சு வைக்குது. அதுதான் அதுக்கு மகசூல். ஆறில் ஒரு பங்கு கொண்டாந்துட்டேன். மிச்சம் அஞ்சு பங்கு அங்க கெடக்கு. நாணலை வெட்டிட்டா வண்டியே வேண்டாம், அது தானா உங்க குடத்துக்கு வந்துரும்."

ராஜா பக்கத்திலிருந்த வெள்ளிச் செம்பைப் பார்த்தார். பிறகு பரமானந்தரைப் பார்த்தார். அவர் பட்டு வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி சேற்றிலிருந்து பின்வாங்கிக்கொண்டிருந்தார்.

"உம்முடைய வயல் சரக்குத்தானே, ஏன் ஓடுகிறீர்?" என்ற ராஜாவுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. கழுத்து மாலையைக் கழற்றிச் சடையாண்டிக்குப் போட்டு, "இன்னும் என்ன வேண்டும், கேள்" என்றார்.

"வடகரையிலயும் நாணல் வளரணும். அது வேர் புடிக்கிற வரைக்கும் அமைச்சர் வீட்டுக்கு வடகரைத் தண்ணிதான் போகணும்."

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து, அப்படியே உத்தரவிட்டார். அன்று சாயங்காலமே வடகரையில் இடுப்பளவு தண்ணீரில் நின்று பரமானந்தர் நாணல் நட்டுக்கொண்டிருந்தார்.