காவியும் கூழ்வடகமும்

காவி கேட்டு வந்து நின்ற கோதைநாயகியிடம் அம்மை கேட்டது வேறு.

"ராத்திரி என்ன சாப்பிட்டீங்க, அக்கா?"

கோதைநாயகி யோசித்தாள். நினைவுக்கு வரவில்லை.

அந்த மலையடிவாரக் குடிலில் குருவான அம்மை வயதில் சின்னவள், சீடர் பெரியவள். அதனால் குரு சீடரை அக்கா என்பாள். சீடர் குருவை அம்மா என்பாள். யாருக்கும் அது விநோதமாகப் படவில்லை.

கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்று வந்தவள் கோதைநாயகி. மூன்று வருடமாக நிலவறையில் தியானம். விடியுமுன் இறங்கினால் இருட்டிய பிறகுதான் ஏறி வருவாள்.

"எதுலயும் பிடிப்பு இல்லம்மா," என்றாள். "தங்கச்சி பொண்ணுக்குக் குழந்தை பொறந்திருக்காம். போன் அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. எடுக்கத் தோணல. சந்தோஷமும் இல்ல, துக்கமும் இல்ல. பந்தம் அறுந்துடுச்சு. காவி குடுங்க."

காவி கட்டியவர்கள் பிறந்த வீட்டுப் படியை மறுபடி மிதிப்பதில்லை. அது அந்தக் குடிலின் வழக்கம்.

"நேத்து ராத்திரி பஜனைப் பாட்டுல பாதியில நின்னுட்டீங்களே?"

"அடுத்த அடி மறந்து போச்சு."

அம்மை குனிந்து அவள் முழங்காலுக்குக் கீழே எலும்பின் மேல் கட்டைவிரலை வைத்து லேசாக அழுத்தினாள். கோதைநாயகி துடித்துப் போனாள்.

"நாளைக்கு டவுன் ஆஸ்பத்திரியில டெஸ்டுக்கு ரத்தம் குடுத்துட்டு வாங்க. அப்புறம் காவியப் பத்திப் பேசலாம்."

போய் வந்தவள் மாத்திரை அட்டையை அம்மையின் முன்னால் பொத்தென்று போட்டாள்.

"வைட்டமின் டி சுத்தமா இல்லையாம். எலும்புக்கு மட்டுமில்ல, மூளைக்கும் அது வேணுமாம். மறதிக்கும் மனசு இப்படிக் கிடக்கறதுக்கும் அதுவும் ஒரு காரணமா இருக்கலாமாம். நான் வைராக்கியம்ங்கறேன், அந்த டாக்டர் பொண்ணு மாத்திரைங்கறா!"

"வெயில் கொளுத்தற ஊர்ல வெயிலுக்குப் பஞ்சமா?" என்று அம்மை சிரித்தாள். "மாத்திரைய டாக்டர் சொன்னபடி முழுங்குங்க. மொட்டை மாடியில கூழ்வடகம் ஊத்தியிருக்கு. காக்கா ஓட்ட ஆள் இல்ல."

"நானா?"

"வேற யாரு சும்மா இருக்கா?"

கோதைநாயகி முக்காடு போட்டு மாடியில் உட்கார்ந்தாள். அம்மை பின்னாலேயே ஏறி வந்து முக்காட்டை விலக்கிவிட்டாள்.

"காக்காவுக்கு முகம் தெரியணும். இல்லன்னா எப்படி பயப்படும்?"

முதலில் காக்கைகள் பயப்படவில்லை. அவள் கல் மாதிரி உட்கார்ந்திருந்தாள். அவை வடகம் ஊற்றியிருந்த வேட்டியின் ஓரத்திலிருந்து நிதானமாகத் தின்றுகொண்டு வந்தன.

"காக்காவுங்களுக்கு நல்ல சீடர் கெடச்சிருக்காங்க," என்றாள் அம்மை. மறுநாளும் கூழ் காய்ச்சினாள்.

இப்படியே வாரங்கள் போயின. கால்வலி கொஞ்சம் கொஞ்சமாக விட்டது. ஒரு நாள் நொண்டிக் காக்கை ஒன்று தத்தித் தத்தி வந்து, அவள் மடியருகே இருந்த வடகத்தைக் கொத்திக்கொண்டு ஓடியது.

"அடி திருட்டு மூதேவி! என் கிட்டயேவா!"

கீழே அடுப்படியில் கூழ் கிண்டிக்கொண்டிருந்த அம்மையின் கை ஒரு கணம் நின்றது. பிறகு மறுபடி கிண்டியது.

அன்று கோதைநாயகி பாதி காய்ந்த வடகம் ஒன்றை எடுத்து வாயில் போட்டாள். உப்பும் புளிப்புமாக இருந்தது. இன்னொன்று எடுத்தாள். காக்கையைத் துரத்திக்கொண்டு ஓடும்போது, பாட்டில் மறந்துபோன அடி தானாக வாயில் வந்தது.

மறுநாள் நடுப்பகலில் அவள் படியிறங்கி ஓடி வந்தாள். கண் கலங்கியிருந்தது.

"போச்சும்மா. எல்லாம் போச்சு."

"என்ன போச்சு?"

"வைராக்கியம்! தங்கச்சிகிட்டப் பேசிட்டேன். குழந்தைக்கு என்ன பேருன்னு கேட்டேன். அதைத் தூக்கணும்போல இருக்கு. அந்த நொண்டி இன்னிக்கு வரல, அதுக்கு என்ன ஆச்சோன்னு மனசு அடிச்சுக்குது. என்னை இப்படி ஆக்கினது எது? மாத்திரையா, வெயிலா, காக்காவா?"

"தெரிஞ்சா எதைத் திருப்பிக் குடுக்கப் போறீங்க?"

கோதைநாயகிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தபடியே அழுதாள். அம்மை முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டாள். பிறகு உள்ளே போய் மடித்த காவிப் புடவை ஒன்றைக் கொண்டு வந்து அவள் முன்னால் நீட்டினாள்.

"இப்பக் கேளுங்க, அக்கா. தரேன்."

கோதைநாயகி கையை நீட்டினாள். விரல்களுக்குள் ஒரு வடகம் இருந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அன்னிக்கே ஏம்மா தரல?"

"அன்னிக்கு உங்க கை காலியா இருந்துச்சு," என்றாள் அம்மை. "எதை விட்டுட்டு இதை வாங்கியிருப்பீங்க?"